வண்டிக்கு வண்ணம், மனிதனுக்கு மூச்சு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

நம் ஊர் வண்ணத்தால் வாழும் ஊர். வெள்ளை நூலைப் பின்னித் துணியாக்கி, துணிக்குச் சாயம் ஏற்றி, வெட்டித் தைத்துக் கடல் கடந்து அனுப்பும் ஊர். நிறம் ஒரு சாயல் மாறினாலும் சரக்கு திரும்பி வரும் என்பது செக்கிங் மேசையில் நிற்கும் அக்காமார்களுக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த இளைஞனுக்குத் தன் வண்டியின் நிறத்தின் மேலும் கண் போவதில் வியப்பில்லை.

மாலை வேளையில் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பழைய காரொன்று போகும். முன்பக்கம் தரையைத் தொடுவது போல ஓர் உதடு, பக்கவாட்டில் ஒரு பட்டை, பின்னால் ஓர் இறக்கை, உடல் முழுதும் கண்ணைப் பறிக்கும் நிறம். இந்த ஃபைபர் பாகங்களின் தொகுதியைத்தான் ‘பாடி கிட்’ என்கிறார்கள். டிங்கரிங் பட்டறையில் கேட்கும் கூலி கட்டுப்படியாகவில்லை என்று வீட்டு வாசலிலேயே கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து வைத்து, இரவோடிரவாகப் பெயின்ட் அடித்துவிடும் நண்பர்களும் நம்மிடையே உண்டு.

“இது வெட்டி ஆடம்பரம்” என்கிறார்கள் பெரியவர்கள். “என் வண்டி, என் காசு, என் வாசல்” என்கிறார்கள் இளைஞர்கள். இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் மாணவத் தோழர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் சிறிது பேச விரும்புகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாகங்களைப் பொருத்துவது நல்லது; அதை நான் வரவேற்கிறேன். ஆனால், ஹார்ட்னர் கலந்த பெயின்டை வீட்டில் அடிப்பது கூடாது. பட்டறையில் கொடுத்து அடித்தாலும், அங்கே துப்பாக்கி பிடிப்பவரின் மூச்சுக்கு நாமும் பொறுப்பாளிகள்.

கைவேலை இழிவன்று

பட்டப்படிப்புக்கு வந்தபின் கையில் கிரீஸ் படலாமா என்று கேட்கும் மனப்பான்மை நம்மிடம் இன்னும் இருக்கிறது. கொங்கு நாட்டின் வரலாறு அந்த மனப்பான்மையை ஏற்கவில்லை. கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நெடுந்தூரம் சென்றவரல்லர். 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கினார். 1952-இல் இருவர் அமரும் சிறிய காரொன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கிக் காட்டினார். அரசின் உரிமம் கிடைக்காமல் அது வீதிக்கு வராமலேயே நின்றது.

அவருக்குப் பின் கோவை கண்ட இன்னொருவர் கரிவரதன். செல்வக் குடும்பத்தில் பிறந்தும் பட்டறையை விரும்பியவர். மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, மேலே ஃபைபர் உடல் பூட்டி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அவற்றுக்குப் பெயர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வழியில்லாத எத்தனையோ இளைஞர்கள் அந்தக் கார்களால் பந்தயத்துக்கு வந்தார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயன்கூடத் தொடக்க காலத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் திடல் இன்றும் ‘கரி’ என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரூரில் பேருந்துக்கும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் உடல் கட்டும் கைகள் எல்லாம் கல்லூரி கண்ட கைகள் அல்ல. வெறும் சேசிஸ் ஒன்று உள்ளே போய், மக்கள் ஏறும் வண்டியாக வெளியே வருகிறது. இந்த அறிவைக் கேவலமாக நினைப்பவன் அறிவியல் படிப்பதில் பொருளில்லை.

பொருத்துவதிலும் பாடம் உண்டு

ஃபைபர் பாகம் என்பது என்ன? கண்ணாடி இழையைப் பாய் போல் விரித்து, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி இறுகச் செய்த பொருள். திரவமாக இருக்கும் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கும். அதில் கோபால்ட் சேர்ந்த ஊக்கி சிறிதளவும், பெராக்சைடு வகை வினையூக்கி சில துளிகளும் சேர்த்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லாகின்றன. நாம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் பல்லுறுப்பாக்கல் வினை இதுவே. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கோபால்டையும் பெராக்சைடையும் நேராகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் அனுபவத்தால் அறிவார். வாசலில் உட்கார்ந்து முதன்முறை செய்பவன் அறிந்திருக்க மாட்டான்.

பாகத்தை முதலில் பெயின்ட் இல்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, கதவு திறந்தால் உரசுகிறதா, சக்கரம் திருப்பினால் முட்டுகிறதா என்று பார்த்துத் தேய்க்க வேண்டும். பிறகு பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். பெயின்டர்கள் சொல்வார்கள், நிறம் கடைசி நாள் வேலை, மற்ற நாளெல்லாம் தேய்ப்புதான் என்று. பொறுமையைக் கற்றுத்தர இதைவிட நல்ல ஆசான் கிடைப்பது அரிது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு நுட்பமும் இருக்கிறது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் துடைக்கக் கிடப்பது பனியன் வேஸ்ட். ஆனால் துணி மிருதுவாக இருப்பதற்காகச் சாயப்பட்டறையில் சிலிக்கோன் ஏற்றுவதுண்டு. அப்படி ஏற்றிய துணியால் தகட்டைத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தால், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன் கண் போன்ற சிறு பள்ளங்கள் விழும். சிலிக்கோன் படிந்த பரப்பில் பெயின்ட் பரவாமல் சுருங்குகிறது; பரப்பு இழுவிசைதான் காரணம். பாடப் புத்தகத்தில் பரப்பு இழுவிசையை மனப்பாடம் செய்த நமக்கு, பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றிலேயே அது இருந்திருக்கிறது!

பின்னால் வைக்கும் இறக்கை காரை வேகமாக ஓடச் செய்யும் என்று நம்புவோர்க்கும் ஒரு சொல். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மணிக்கு 120 கிலோமீட்டரில் இருக்கும் விசையில், 40 கிலோமீட்டரில் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஷிப்ட் விடும் நேரத்தில் நம் ஊர்ச் சாலைகளில் 40 போவதே பாக்கியம். ஆகவே அந்த இறக்கை வெறும் அழகுக்கே. அழகுக்காக வைப்பதில் தவறில்லை. ஆனால் அதை அழகு என்றே சொல்லிக்கொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. பதிவுச் சான்றில் வண்டியின் நிறமும் எழுதப்பட்டிருப்பதால், நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

இது வெறும் கெடுபிடி அன்று. முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிகளை அகற்றும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதன் காரணம் என்ன? மோதினால் நடந்து போகிறவருக்கு அது எமன். உள்ளே இருப்பவரின் காற்றுப்பைக்கும் இடையூறு. கரிவரதன் செய்த கார் பந்தயத் திடலில் ஓடியது. நம் கார் பள்ளிக் குழந்தைகள் குறுக்கே ஓடும் தெருவில் ஓடுகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்து, வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடாத பாகங்களோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

தொண்டைக்கு மருந்து தெளித்த கருவி

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியின் பிறப்பு விந்தையானது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் டிவில்பிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அதே தத்துவத்தைக் கொண்டு 1907-ஆம் ஆண்டளவில் அவருடைய மகன் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். தொண்டையை ஆற்றப் பிறந்த கருவி, பிற்காலத்தில் தொண்டையைக் கெடுக்கும் கருவியாயிற்று.

இன்னொரு விந்தை. தொடக்க காலத்தில் ஒரு காருக்கு வார்னிஷ் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் டுபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டியூக்கோ’ என்னும் பெயின்ட் அந்தக் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்தது. அதன் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். அதாவது, பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெற்றது. நாம் உடுத்தும் பருத்திதான் காருக்கும் சட்டையாயிற்று! இன்றைக்கும் நம் பெயின்டர்கள் ‘டியூக்கோ அடிப்பது’ என்றே சொல்கிறார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. நீடித்து மின்னும் மேல்பூச்சுக்கு இரு டப்பாப் பெயின்ட் பயன்படுகிறது. ஒரு டப்பாவில் ரெசின், மற்றொன்றில் ஹார்ட்னர். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் வகை வேதிப்பொருள். துப்பாக்கி அதை நுண்துளியாக்கிக் காற்றில் விடுகிறது. நுரையீரல் அதை ஒருமுறை பகையாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சிரைப்பு வந்துவிடும். இதைத் தொழில்வழி ஆஸ்துமா என்கிறார்கள். பிரிட்டனில் இந்நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக ஐசோசயனேட்டைத்தான் குறிக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், கெடுதல் செய்யும் அளவிலும் அதன் வாடை மூக்குக்குத் தெரிவதில்லை. நாம் மோப்பம் பிடிப்பது தின்னரைத்தான். கைக்குட்டையோ பனியன் துணியோ கட்டினால் பெரிய துளி நிற்கும், ஆவி நிற்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும் காற்றை இழுத்து வடிகட்டும் அறையும்தான் சரியான காப்பு. எந்த வீட்டு வாசலில் இவை இருக்கின்றன? அடித்து முடித்தபின் அந்தக் காற்று பக்கத்து வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

என் சித்தப்பா இருபது ஆண்டுகளாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். மார்கழி வந்தால் இரவில் உட்கார்ந்தே தூங்குகிறார். விடுமுறையில் ஒருநாள் அவருடைய ஹார்ட்னர் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எறும்பு வரிசை போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முகமூடி இன்றிப் பயன்படுத்தக் கூடாது, மூச்சு நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது என்று இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

“ஏனுங் சித்தப்பா, இத்தனை நாளா இது தெரியாதுங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கு அதுல தெரியறது கலர் நம்பர் மட்டுந்தான் சாமி. மீதியெல்லாம் படிச்சவங்களுக்கு எழுதுனது” என்றார்.

அந்தச் சொல்லை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? அபாயம் அவருக்கு, எச்சரிக்கையோ அவர் படிக்க முடியாத மொழியில், எனக்கு! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்று என்ன செய்யப் போகிறாய் என்று பலர் கேட்கிறார்கள். உத்தியோகம் கிடைப்பது பிறகு. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை வீட்டாருக்குப் படித்துச் சொல்வதே நான் பெற்ற கல்வியின் முதல் சம்பளம் என்று எண்ணுகிறேன்.

சாக்கடை எங்கே போகிறது?

பெயின்ட் அடித்து முடிந்ததும் துப்பாக்கியைத் தின்னர் விட்டுக் கழுவுவார்கள். கழுவிய தின்னர் எங்கே போகிறது? சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகிறது? இந்தக் கேள்வியை வேறு எந்த ஊர் மறந்தாலும் திருப்பூர் மறக்கலாகாது.

சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதில் தேங்கி நின்றது சாயக் கழிவு. பயிருக்குப் பாய வேண்டிய நீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லி ஆணையிட்டது. அப்போது எனக்கு ஐந்தாறு வயது. சாயப்பட்டறைத் தொழிலாளியான என் தந்தை பகலிலும் வீட்டில் இருந்ததை விடுமுறை என்று நினைத்து மகிழ்ந்தேன். அது விடுமுறை அன்று என்பது வளர்ந்த பின்னரே விளங்கியது. ஆற்றைக் கெடுத்ததன் விலையை முதலில் உழவன் கொடுத்தான். பிறகு தொழிலாளி கொடுத்தான்.

“ஒரு கார் பெயின்டால் ஆறு கெட்டுவிடுமா?” என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு பட்டறைச் சாயத்தாலும் நொய்யல் கெடவில்லை. ‘நான் ஒருவன்தானே’ என்று ஒவ்வொருவரும் சொன்னதால்தான் கெட்டது. பழைய பெயின்டைத் தேய்த்தெடுக்கும் தூளிலும் கவனம் வேண்டும். வீட்டுச் சுவர்ப் பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்கே. கார் பெயின்டுக்கு அன்று. ஆகவே அந்தத் தூளைக் குழந்தைகள் விளையாடும் வாசலில் பறக்க விடுவது கொடுமை.

நாம் செய்யக் கூடியவை

கார் மோகம் வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. பொருத்துங்கள், பட்டி பாருங்கள், தேயுங்கள். தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேயுங்கள். ஹார்ட்னர் கலந்த பெயின்டை மட்டும் காற்று வடிகட்டும் அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடியுங்கள். சில ஆயிரம் கூடுதலாக ஆகும் என்பது உண்மை. சேர்த்து வைத்து ஆறு மாதம் கழித்து அடித்தால் கார் கோபித்துக்கொள்ளாது. நிறம்தான் உடனே வேண்டுமென்றால் ஒட்டும் வினைல் படலம் இருக்கிறது. அதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், ஹார்ட்னரும் வேண்டாம். போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ளும் கடமை மட்டும் உண்டு. கழுவிய தின்னரை மூடிய டப்பாவில் தெளிய வைத்து, மேலே நிற்பதை மறுமுறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். பழைய பெயின்டர்கள் பலர் சிக்கனத்துக்காகச் செய்யும் வழக்கம்தான் இது.

“சித்தப்பாவுக்கு ஒரு முகமூடி வாங்கிக் கொடுத்தால் போயிற்று, இதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். ஒரு சித்தப்பாவுக்கு நான் வாங்கித் தரலாம். நம் ஊர்ச் சந்து பொந்துகளில் மூன்று பேர், நான்கு பேர் என்று வேலை பார்க்கும் பட்டறைகளில் இருப்பவர்களுக்கு யார் வாங்கித் தருவது? அங்கே மேற்பார்வை பார்க்க அதிகாரியும் வருவதில்லை, கேள்வி கேட்கச் சங்கமும் இல்லை. எனவே தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு ஹார்ட்னர் டப்பாவிலும் அபாய எச்சரிக்கை தமிழில், படிக்கக் கூடிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பெயின்ட் விலையோடு ஒப்பிட்டால் அந்த ஒட்டுத்தாளின் விலை ஒன்றுமில்லை.

அது வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் முகாம் நடக்கிறது. இந்த ஆண்டு முகாமில் ஒரு நாளை டிங்கரிங் பட்டறைகளுக்கு ஒதுக்கும்படி பேராசிரியர்களைப் பணிவோடு வேண்டுகிறேன். வேதியியல் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எதை எதோடு கலக்கக் கூடாது, எந்த முகமூடி எதற்கு ஆகும், மூச்சிரைப்பு வந்தால் எந்த வேலையை நிறுத்தி மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே தாளில் நல்ல தமிழில் எழுதிவிடலாம். அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு வரலாம். பதிலுக்குப் பட்டி பார்ப்பது எப்படி என்று அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். இது கொடையன்று, பண்டமாற்று.

தோழர்களே! நம் ஊர் உலகத்துக்கே வண்ணச் சட்டை போட்டு அழகு பார்க்கும் ஊர். அந்த வண்ணத்துக்காக ஓர் ஆற்றை ஏற்கெனவே விலையாகக் கொடுத்திருக்கிறோம். காருக்கு ஏற்றும் வண்ணத்துக்காக மனிதனின் மூச்சையும் விலையாகக் கொடுக்க வேண்டாம். முகாமுக்கு வர விரும்புவோர் வேதியியல் துறை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெயர் கொடுக்கலாம். தாளை எழுதும் வேலையை நாளையே தொடங்கலாம்.